விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில்: டிஸ்க்கை எத்தனையாகப் பிரிப்பது?

லினக்ஸ் நிறுவும்போது கேட்கப்படும் கேள்விகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மொழி, விசைப்பலகை, நேர மண்டலம், கணினியின் பெயர் என்று எதுவானாலும் ஒரு நிமிட வேலை. மாற்றுவதற்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடிக்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பிரிக்கப் போகிறீர்கள்? விண்டோஸ் ஏற்கெனவே குடியிருக்கும் டிஸ்க் என்றால் அந்தக் கேள்விக்குக் கனம் இன்னும் கூடுகிறது. தவறினால் போவது லினக்ஸ் மட்டும் இல்லை, பல வருடப் படங்களும் கோப்புகளும்தான்.

ரூட் (இயங்குதளம் இருக்கும் இடம்) தனி, ஹோம் (உங்கள் சொந்தக் கோப்புகள்) தனி, ஸ்வாப் (ரேம் பத்தாதபோது உதவும் இடம்) தனி, பூட் (கணினி எழத் தேவையான கோப்புகள்) தனி, பொதுக் கோப்புகளுக்கு ஒன்று தனி என்று ஐந்தாறு துண்டு போடச் சொல்லும் வழிகாட்டிகள் இன்னும் நிறைய உண்டு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல வருடங்கள் இரண்டு இயங்குதளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழகிய பிறகு என் முடிவு நேர்மாறானது: துண்டுகள் குறையக் குறைய நல்லது. எங்கே அது பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைத்தான் இங்கே ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

எந்த வழியை எடைபோடும்போதும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நாளைக்கு என் கணக்கு தப்பாகிப் போனால், இந்தக் கோட்டை நகர்த்த என்ன பாடு பட வேண்டும்? டிஸ்க்கில் பிரித்த ஒவ்வொரு துண்டும் ஒரு பார்ட்டிஷன். அதன் எல்லை வயலுக்கு நடுவே போட்ட வரப்பு மாதிரி. ஆனால் இந்த வரப்பில் இடம், வலம் இரண்டும் சமம் இல்லை. ஒரு பார்ட்டிஷனின் முடிவை, அதாவது வலது ஓரத்தை, பக்கத்தில் காலி இடம் இருந்தால் சட்டென்று தள்ளிவிடலாம். தொடக்கத்தை, அதாவது இடது ஓரத்தை நகர்த்துவது வேறு கதை. உள்ளே இருக்கும் கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு) தன் கணக்கை எல்லாம் தொடக்கத்திலிருந்துதான் எண்ணுகிறது. தொடக்கம் நகர்ந்தால் உள்ளிருக்கும் தரவு முழுவதையும் நகலெடுத்து இடம் மாற்றியாக வேண்டும். பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் என்ற கருவி அதைச் செய்து தரும்தான். ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் 200 ஜிபியை நகர்த்த மணிக்கணக்காகும். நடுவில் மின்சாரம் போனால் பாதி பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில் என்று நின்றுவிடும்.

இதை விண்டோஸோடு சேர்த்துப் பாருங்கள். விண்டோஸ் டிஸ்க்கின் இடப்பக்கம் இருக்கிறது. சி டிரைவைச் சுருக்கினால் காலி இடம் அதன் வலப்பக்கம் கிடைக்கிறது, லினக்ஸ் அங்கே போய் உட்காருகிறது. ஆறு மாதம் கழித்து லினக்ஸுக்கு இன்னும் இடம் வேண்டும் என்று சி டிரைவை மறுபடி சுருக்கினால், புதிய காலி இடம் லினக்ஸின் இடது பக்கம் வரும். நகர்த்தக் கடினமான பக்கம் அதுதான். ஆக, இரண்டு இயங்குதளங்களுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒற்றைக் கோடுதான் முதல் தடவையே சரியாக அமைய வேண்டியது. மற்ற கோடுகளைப் போடாமலே விட்டுவிட்டால் அவற்றைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை.

முதலில், பிரிக்கத்தான் வேண்டுமா?

கட்டளைகளைக் கற்றுக்கொள்ளவும் புரோகிராம் எழுதிப் பார்க்கவும் மட்டும் லினக்ஸ் வேண்டும் என்றால் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல்-இன் இரண்டாம் பதிப்பு உண்மையான லினக்ஸ் கெர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதியையே) ஓட்டுகிறது. முழு டெஸ்க்டாப்பைப் பார்க்க ஆசைப்பட்டால், விண்டோஸுக்குள் ஒரு விர்ச்சுவல் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது. ரேம் 16 ஜிபி இருந்தால் அது வசதியாக ஓடும். 8 ஜிபியில் இரண்டு இயங்குதளமும் ஒன்றையொன்று நெருக்கும். ஆனால் விர்ச்சுவல் கணினியில் லினக்ஸ் உங்கள் வன்பொருளோடு எப்படிப் பழகும் என்பது தெரியாது. வைஃபை, கிராபிக்ஸ் கார்டு, மூடியைச் சாத்தினால் தூங்குவது, பேட்டரி நிற்கும் நேரம் எல்லாம் நேரடியாக பூட் செய்தால்தான் தெரியும். அதற்காக, டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன்னால், நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யூஎஸ்பியிலிருந்து ஒரு அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். இன்டெல் ஆர்எஸ்டி என்ற சேமிப்பக முறை இயக்கத்தில் இருக்கும் சில மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவிக்கு டிஸ்க்கே தெரியாது. அதை வழக்கமான ஏஹெச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் பயாஸ் அமைப்பில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) போய் நேராக மாற்றிவிட்டால் விண்டோஸ் எழுந்திருக்காது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, அப்புறம் மாற்ற வேண்டும்.

முழு நேரமும் லினக்ஸ் வேண்டும், விண்டோஸும் கையில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இரண்டாவது டிஸ்க். மேசைக் கணினியில் பெரும்பாலும் இடம் இருக்கும். மடிக்கணினி பலவற்றிலும் இன்னொரு எம்.2 பொருத்துமிடம் காலியாக இருக்கும், திறந்து பார்த்தால் தெரியும். இரண்டு டிஸ்க் என்றால் மேலே சொன்ன அந்தக் கஷ்டமான நடுக்கோடே கிடையாது. விண்டோஸ் டிஸ்க்கைச் சுருக்க வேண்டியதில்லை. ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். லினக்ஸ் பிடிக்கவில்லை என்றால் அந்த டிஸ்க்கை மட்டும் துடைத்தால் போதும்.

இதில் ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறைக் கணினிகளில், இயங்குதளத்தை எழுப்பும் நிரல்களான பூட்லோடர்கள் குடியிருக்கும் சிறிய பார்ட்டிஷனை ஈஎஸ்பி என்பார்கள். லினக்ஸை இரண்டாவது டிஸ்க்கில் போடச் சொன்னாலும், சில நிறுவிகள் பூட்லோடரை மட்டும் முதல் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸின் ஈஎஸ்பியிலேயே கொண்டுபோய் வைத்துவிடும். அப்படியானால் இரண்டு டிஸ்க் வாங்கிய பயனில் பாதி போய்விடும். நிறுவும் நேரத்துக்கு மட்டும் விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைப்பது, அல்லது பயாஸ் அமைப்பில் அதை முடக்கி வைப்பது நல்ல வழி. பிறகு கணினி எழும்போது பூட் மெனு விசையை அழுத்தி எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் காப்பு என்றும் சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, பழைய பூட்லோடர் வைத்திருந்த லினக்ஸ்கள் பல கணினிகளில் செக்யூர் பூட் சோதனையை (நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் சோதனையை) தாண்ட முடியாமல் நின்றன. பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் அந்தப் பட்டியல் எழுதப்படுவது மதர்போர்டின் நினைவகத்தில். டிஸ்க் எத்தனை என்பது அங்கே பொருட்டே இல்லை. லினக்ஸையும் காலத்துக்கு அப்டேட் செய்துகொண்டே இருப்பதுதான் அதற்கு மருந்து.

வெளியே செருகும் எஸ்எஸ்டியும் ஒரு வழிதான். யூஎஸ்பி 3 வேகத்தில் அன்றாட வேலைக்குக் குறை தெரியாது. ஆனால் கேபிள் அசைந்தால் ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளமே அறுந்துபோகும். சாதாரண பென் டிரைவில் நிரந்தரமாக நிறுவுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. மெதுவாக இருக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

ஒரே டிஸ்க்தான் என்றால், விண்டோஸ் பக்கம் முடிக்க வேண்டிய வேலை

காப்பு நகல் எடுங்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது. நகல் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும், இதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனில் வைத்திருந்தால் அது நகல் ஆகாது.

அடுத்து பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதி. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும் கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. தன் கணினியில் அது இருப்பதே தெரியாதவர்கள் நிறைய. பூட் அமைப்பில் ஏதாவது மாறினால் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தரவு போனது போனதுதான். அதனால் முதல் வேலையாக மீட்பு எண்ணை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். வேலை முடியும் வரை பிட்லாக்கரை அணைத்து வைப்பது இன்னும் நிம்மதி.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8-லிருந்து வரும் வசதி இது. கணினியை அணைக்கும்போது விண்டோஸ் முழுக்க அணையாமல் பாதி உறக்கத்தில் போகும். சி டிரைவ் மூடப்படாத கணக்குப் புத்தகம் மாதிரி திறந்தே கிடக்கும். லினக்ஸிலிருந்து அதில் எழுதப் போனால் ஒன்று மறுக்கப்படும், அல்லது படிக்க மட்டும் அனுமதி கிடைக்கும். கட்டாயப்படுத்தி எழுதினால் கோப்புகள் சிதையும். ஹைபர்னேஷனை (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு உறங்கும் வசதியை) அணைத்தால் இதுவும் சேர்ந்து அணைந்துவிடும், சி டிரைவில் சில ஜிபி இடமும் மிச்சமாகும்.

இப்போது சுருக்குவது. லினக்ஸ் நிறுவியே விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கித் தரும். பெரும்பாலும் பிழையில்லாமல் செய்யும். இருந்தாலும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சுருக்குவதையே நான் தேர்ந்தெடுப்பேன். தன் கோப்புகளை எங்கெங்கே வைத்திருக்கிறது என்பது விண்டோஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிட்லாக்கர் பூட்டிய பார்ட்டிஷனையும் அதனால் சுருக்க முடியும், லினக்ஸ் நிறுவியால் முடியாது. அதன் குறை வேறு: 300 ஜிபி காலியாக இருந்தாலும் 40 ஜிபிதான் சுருக்க முடியும் என்று சில சமயம் சொல்லும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் பதிவுகள் போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தற்காலிகமாக அணைத்து, ஒரு முறை மறுதொடக்கம் செய்துவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். அப்படியும் விடாவிட்டால் லைவ் யூஎஸ்பியிலிருந்து ஜிபார்ட்டெட்.

சுருக்கிய பிறகு காலி இடத்தை காலியாகவே விடுங்கள். விண்டோஸில் அதற்கு டிரைவ் எழுத்து கொடுத்து ஃபார்மேட் செய்ய வேண்டாம். சி டிரைவுக்கு வலப்பக்கம் விண்டோஸின் சிறிய ரெக்கவரி பார்ட்டிஷன் இருக்கும். காலி இடம் இரண்டுக்கும் நடுவில் தெரியும். அது சரிதான், ரெக்கவரியை அழிக்காதீர்கள்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்ட்டிஷன் பட்டியலை எம்பிஆர் என்ற பழைய முறையில் வைத்திருக்கும் டிஸ்க்கில் நான்கு முதன்மை பார்ட்டிஷன்தான் போட முடியும், 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்தவும் முடியாது. நான்கையும் தயாரிப்பாளரே நிரப்பியிருந்தால் காலி இடம் இருந்தும் லினக்ஸ் நுழைய முடியாது. அதற்குப் பின் வந்த ஜிபிடி முறையில் இந்தத் தொல்லை இல்லை, 128 வரை போடலாம். விண்டோஸ் 10-இலும் 11-இலும் தரவு அழியாமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் கருவி உள்ளேயே இருக்கிறது. மதர்போர்டு யூஇஎஃப்ஐயை ஏற்குமானால் மாற்றிவிடுவதே நல்லது. எந்த முறையானாலும், விண்டோஸ் எந்த முறையில் எழுகிறதோ அதே முறையில் லினக்ஸ் யூஎஸ்பியையும் எழுப்புங்கள். ஒன்று பழைய பயாஸ் முறையிலும் இன்னொன்று யூஇஎஃப்ஐயிலும் நிறுவப்பட்டால் ஒரே மெனுவில் இரண்டும் சேராது.

நிறுவியிடம் விடுவதா, நாமே பிரிப்பதா?

உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளின் நிறுவிகள் விண்டோஸைக் கண்டுகொண்டு "அதன் பக்கத்திலேயே நிறுவு" என்று ஒரு தேர்வைக் காட்டும். முதல் முறை நிறுவுபவர் அதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. அது போடுவது ஒரே ஒரு ரூட் பார்ட்டிஷன். இருக்கும் ஈஎஸ்பியையே பயன்படுத்திக்கொள்ளும், ஸ்வாப்பைக் கோப்பாக வைத்துக்கொள்ளும். நான் கையால் பிரித்தாலும் கடைசியில் அதே வடிவம்தான் வரும். அந்தத் தேர்வுக்கு மிக அருகிலேயே "டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு" என்பதும் இருக்கும். கண் அசந்தால் போதும், விண்டோஸ் காணாமல் போகும். அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு மேலே போங்கள்.

சில சூழ்நிலைகளில் கைமுறைதான் வழி. "பக்கத்தில் நிறுவு" தேர்வே காட்டப்படாதபோது, இரண்டு டிஸ்க் இருக்கும்போது, பட்டர்எஃப்எஸ் போன்ற வேறு கோப்பு முறைமை வேண்டும்போது. கைமுறையில் நடக்கும் பெரிய விபத்து ஈஎஸ்பியை ஃபார்மேட் செய்வது. விண்டோஸின் பூட்லோடர் அதற்குள் இருக்கிறது. ஈஎஸ்பியைத் தேர்ந்தெடுத்து அதன் பயன்பாட்டை மட்டும் குறிப்பிடுங்கள், ஃபார்மேட் பெட்டியில் டிக் இருக்கக் கூடாது. விண்டோஸ் அதற்கு வழக்கமாக ஒதுக்குவது 100 எம்பி. கிரப் பூட்லோடருக்குச் சில எம்பி போதும், அதனால் உபுண்டு, மின்ட், ஃபெடோராவுக்கு அது தாராளம். கெர்னலையே ஈஎஸ்பிக்குள் வைக்கும் பாப் ஓஎஸ் போன்றவற்றுக்கு அது பத்தாது.

நிறுவியில் சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. எஸ்டிஏ3, என்விஎம்இ என்று தொடங்கும் பெயர்கள்தான் தெரியும். அளவை வைத்துத்தான் எது எது என்று அடையாளம் காண வேண்டும். அதனால் நான் சுருக்கும்போதே 100 ஜிபி என்று முழு எண்ணாக ஒதுக்காமல் 103 ஜிபி என்பது போல ஒதுக்குவேன். நிறுவியின் பட்டியலில் 103 என்று (ஆயிரத்தால் எண்ணும் நிறுவி என்றால் ஏறக்குறைய 110 என்று) கண்ணில் படும் இடம்தான் என்னுடையது, வேறு எதையும் தொட மாட்டேன். சின்ன விஷயம்தான். பதற்றத்தில் இருக்கும்போது பெரிய உதவி.

ரூட்டும் ஹோமும்

ஹோமைத் தனி பார்ட்டிஷனாகப் போட வேண்டும் என்பது லினக்ஸ் உலகத்தில் பரம்பரையாக வரும் அறிவுரை. காரணம் நியாயமானது: லினக்ஸை மறுபடி நிறுவும்போது ரூட்டை மட்டும் அழித்துவிட்டு, ஹோமைத் தொடாமல் அப்படியே இணைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒரு டிஸ்ட்ரோவை (லினக்ஸ் வகையை) மாற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உண்மையிலேயே வசதி.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையை யாரும் சொல்வதில்லை. நான் ஒரு முறை ரூட்டுக்கு 20 ஜிபி, ஹோமுக்கு 200 ஜிபி என்று பிரித்தேன். அப்போதைய வழிகாட்டிகள் அப்படித்தான் சொன்னன. ஒரு வருடத்துக்குள் ரூட் நிரம்பிவிட்டது. ஸ்னாப், ஃபிளாட்பேக் செயலிகள், டாக்கர் இமேஜ்கள் எல்லாமே ரூட் பக்கம் இருக்கும் வார் (/var) கோப்புறைக்குள்தான் சேர்கின்றன. பழைய கெர்னல்களும் ரூட் பக்கம்தான். ஹோமில் 150 ஜிபி சும்மா கிடக்க, ரூட்டில் இடமில்லாமல் அப்டேட் பாதியில் நின்றது. ரூட்டைப் பெரிதாக்க வேண்டுமானால் அதன் வலப்பக்கம் காலி இடம் வேண்டும். அங்கே இருப்பது ஹோம். ஹோமின் இடது ஓரத்தை நகர்த்த வேண்டும். ராத்திரி ஜிபார்ட்டெட்டை ஓடவிட்டு, காலை வரை அந்த முன்னேற்றப் பட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நல்லபடியாக முடிந்தது. அன்றிலிருந்து நான் ஹோமைப் பிரிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனி ஹோம் இருப்பதால் தரவு பாதுகாப்பாக இருக்கிறது என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. டிஸ்க் பழுதானால் ரூட்டும் ஹோமும் சேர்ந்தேதான் போகும். காப்பு நகல் எப்படியும் வேண்டும். அந்த நகல் கையில் இருந்தால், மறு நிறுவலுக்குப் பிறகு கோப்புகளைத் திருப்பிப் போடுவது ஒரு மணி நேர வேலை. பழைய ஹோமை அப்படியே புது டிஸ்ட்ரோவில் இணைத்தால், அதில் மறைந்திருக்கும் பழைய அமைப்புக் கோப்புகள் புது டெஸ்க்டாப்போடு முட்டிக்கொள்வதும் உண்டு.

சரி, பிரிவும் வேண்டும், கோடும் வேண்டாம் என்றால்? அதற்குத்தான் பட்டர்எஃப்எஸ். இதில் ஒரே பார்ட்டிஷனுக்குள் ரூட், ஹோம் இரண்டையும் துணைத்தொகுதிகளாக வைக்கலாம். தனித்தனியாக நிர்வகிக்கலாம், ஆனால் காலி இடம் இரண்டுக்கும் பொது. ஃபெடோராவின் டெஸ்க்டாப் பதிப்பு 2020-இல் வந்த 33-லிருந்து இதையே இயல்பாகப் போடுகிறது. ஓப்பன்சூசே ரூட்டுக்கு அதற்கும் முன்பிருந்தே பட்டர்எஃப்எஸ்தான். அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், ஏதாவது கெட்டுப்போனால் நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவருக்கு பட்டர்எஃப்எஸ்ஸில் இன்னொரு பெரிய வசதி உண்டு, அதிகம் பேசப்படாதது. லினக்ஸின் இடப்பக்கம் புதிதாகக் கிடைத்த காலி இடத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 என்றால் முழு பார்ட்டிஷனையும் நகர்த்த வேண்டும். பட்டர்எஃப்எஸ்ஸில் அந்த இடத்தில் ஒரு புதிய பார்ட்டிஷன் போட்டு, இதையும் சேர்த்துக்கொள் என்று ஓடும்போதே சொல்லிவிடலாம். தரவு எதுவும் நகர வேண்டாம். பல பார்ட்டிஷன்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் எல்விஎம் முறையும் இதையே செய்யும், அதன் மேல் ஈஎக்ஸ்டி4 வைத்துக்கொள்ளலாம். அந்த நடுக்கோட்டின் கடுமையைக் குறைக்கும் வழிகள் இவை இரண்டும்தான். எல்விஎம்மில் கற்றுக்கொள்ள வேண்டிய அடுக்கு ஒன்று கூடுகிறது என்பதால் புதியவர்களுக்கு நான் பட்டர்எஃப்எஸ்ஸைத்தான் சொல்வேன்.

அப்படியானால் ஈஎக்ஸ்டி4 பழசா? இல்லவே இல்லை. 2008-லிருந்து நிலையானதாக இருக்கும் கோப்பு முறைமை அது. பழுது பார்க்கும் கருவிகள் முதிர்ந்தவை, என்ன நடந்தாலும் உதவி கிடைக்கும். விர்ச்சுவல் கணினிகளும் பெரிய டேட்டாபேஸ்களும் ஓட்டுபவர்களுக்கு பட்டர்எஃப்எஸ்ஸைவிட அதுவே தோது. உபுண்டுவோ மின்ட்டோ இயல்பாகக் கொடுக்கும் ஒற்றை ஈஎக்ஸ்டி4 ரூட்டோடு நீங்கள் நின்றுவிட்டால் எதையும் இழந்துவிடவில்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை மட்டும் இந்த இடத்தில் தவிர்ப்பேன். வேகமானது, உறுதியானது, ஆனால் சுருக்க முடியாது. நாளைக்கு விண்டோஸுக்குக் கொஞ்சம் இடம் திருப்பிக் கொடுக்க நினைத்தால் வழி அடைபட்டுவிடும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு பார்ட்டிஷன்

ஆவணங்கள், படங்கள், பாடல்களை இரண்டு பக்கமிருந்தும் திறக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் அதற்குத் தனி பார்ட்டிஷன் தேவையா என்று முதலில் யோசியுங்கள். லினக்ஸால் சி டிரைவை நேரடியாகப் படிக்க முடியும், எழுதவும் முடியும். 2021-இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து, விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸுக்கு முழு வசதி கொண்ட டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எப்போதாவது ஒரு கோப்பை எடுக்க அது போதும். மறுபக்கம் விண்டோஸுக்கு லினக்ஸின் கோப்பு முறைமைகள் தானாகத் தெரியாது. அதனால் பொதுவான கோப்புகள் விண்டோஸ் பக்கம் இருப்பதே வசதி.

தினமும் இரண்டிலும் அதே கோப்புகளில் வேலை செய்பவர் என்றால் தனி பார்ட்டிஷனுக்கு அர்த்தம் உண்டு. அதை என்டிஎஃப்எஸ்ஸாகவே போடுங்கள். எக்ஸ்ஃபேட்டையும் இரண்டு இயங்குதளங்களும் படிக்கும், ஆனால் அதில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்பே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இழப்பு அதிகம். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதை விட்டுவிடலாம். என்டிஎஃப்எஸ்ஸில் சிக்கல் வந்தால் முழுமையாகச் சரிபார்க்கும் கருவி விண்டோஸில்தான் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொது பார்ட்டிஷனில் வைக்கக் கூடாதவையும் உண்டு. லினக்ஸின் ஹோம் கோப்புறையை அங்கே கொண்டுபோக முயலாதீர்கள், அனுமதிகளும் உரிமைகளும் லினக்ஸ் எதிர்பார்க்கும்படி அங்கே நிற்காது. புரோகிராம் எழுதும் திட்டங்களையும் ஒரே பிரதியாக அங்கே வைத்து இரண்டு பக்கமும் ஓட்டுவதைவிட, கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி வழியாக இரண்டு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. லினக்ஸில் விளையாடும் ஸ்டீம் விளையாட்டுகளை லினக்ஸின் சொந்தப் பார்ட்டிஷனில் வையுங்கள்.

ஸ்வாப், பூட்

இவற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உபுண்டு 17.04-லிருந்து ஸ்வாப்பைக் கோப்பாகத்தான் வைக்கிறது. ஃபெடோரா ரேமிலேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் முறைக்குப் போய்விட்டது. கோப்பு என்றால் பெரிதாக்கவோ அழிக்கவோ ஒரு நிமிடம் போதும். தனி ஸ்வாப் பார்ட்டிஷன் வேண்டும் என்று சொல்லப்படும் காரணம் ஹைபர்னேட். செக்யூர் பூட் இயங்கும்போது பல டிஸ்ட்ரோக்களின் கெர்னல் ஹைபர்னேட்டையே அனுமதிப்பதில்லை. மேலும், ஒன்றை ஹைபர்னேட்டில் தூங்கவைத்துவிட்டு மற்றதை எழுப்பி அதே பொது பார்ட்டிஷனில் எழுதினால் தரவு சிதையும். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர் ஹைபர்னேட்டை மறந்துவிடுவதே மேல்.

பூட் பார்ட்டிஷன் தனியாக வேண்டியது லினக்ஸை லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்பவர்களுக்கு. மடிக்கணினியை வெளியே எடுத்துப் போகிறவர்கள் அதைச் செய்வது நல்லது. 1 ஜிபி கொடுத்துவிடுங்கள், குறைவாகக் கொடுத்தால் கெர்னல் அப்டேட்டுகளில் நிரம்பிவிடும்.

எவ்வளவு ஒதுக்குவது?

டிஸ்க்கின் மேல் 512 ஜிபி என்று எழுதியிருந்தால் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. கணக்குப் போடும்போது 476-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 256 என்றால் 238, ஒரு டெராபைட் என்றால் 931.

உபுண்டு டெஸ்க்டாப்புக்குக் குறைந்தது 25 ஜிபி, மின்ட்டுக்கு 20 ஜிபி என்று சொல்லப்படுகிறது. அவை நிறுவி முடிக்கப் போதுமான அளவு, வாழப் போதுமான அளவு இல்லை. மின்ட்டே 100 ஜிபியைத்தான் பரிந்துரைக்கிறது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 64 ஜிபி, ஆனால் பெரிய அப்டேட்டுகள் வரும்போது மூச்சுவிட அதற்கு இன்னும் இடம் வேண்டும். 120 ஜிபிக்குக் கீழே சி டிரைவைச் சுருக்க நான் துணிய மாட்டேன்.

256 ஜிபி டிஸ்க்கில் விண்டோஸுக்கு 140, லினக்ஸுக்கு மீதி. பொது பார்ட்டிஷன் கூடாது, இருக்கும் இடத்துக்கு அது கட்டுப்படியாகாது. 512-இல் எது முதன்மை என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். லினக்ஸில்தான் பெரும்பாலும் இருக்கப் போகிறீர்கள் என்றால் விண்டோஸுக்கு 180, மற்றது முழுவதும் லினக்ஸுக்கு. விளையாட்டுகளுக்காக விண்டோஸை வைத்திருப்பவர் தலைகீழாகப் போடலாம், ஆனாலும் லினக்ஸுக்கு 100 கொடுங்கள். ஒரு டெராபைட் இருந்தால் பொது பார்ட்டிஷனுக்கும் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

எவ்வளவு என்று தீர்மானிக்கவே முடியவில்லை என்றால் விண்டோஸை நன்றாகச் சுருக்கிவிட்டு, லினக்ஸுக்குத் தேவையானதை மட்டும் கொடுத்து, இடையில் 50 ஜிபியை யாருக்கும் கொடுக்காமல் விட்டு வையுங்கள். சி டிரைவுக்கு வலப்பக்கம், லினக்ஸுக்கு இடப்பக்கம். விண்டோஸுக்குத் தேவைப்பட்டால் அது வலது ஓரத்தைத் தள்ளி எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்குத் தேவைப்பட்டால், பட்டர்எஃப்எஸ் இருக்கும் பட்சத்தில் சேர்த்துக்கொள்ளும், ஈஎக்ஸ்டி4 என்றால் அங்கே ஒரு பார்ட்டிஷன் போட்டு வீடியோக்களுக்கோ விர்ச்சுவல் கணினிகளுக்கோ வைத்துக்கொள்ளலாம். "பக்கத்தில் நிறுவு" தேர்வு காலி இடத்தைத் தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளும் என்பதால், இப்படி இடம் விட கைமுறைதான் வேண்டும்.

எல்லாம் தேர்ந்தெடுத்த பிறகு, எழுதுவதற்கு முன்னால் நிறுவி ஒரு பட்டியல் காட்டும். எந்தெந்தப் பார்ட்டிஷன் ஃபார்மேட் ஆகப்போகிறது என்று அதில் இருக்கும். அங்கே நீங்கள் ஒதுக்கிய அந்த 103 ஜிபி மட்டும் இருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் என்றோ ஃபேட்32 என்றோ எதுவும் ஃபார்மேட் பட்டியலில் தெரிந்தால் பின்னால் போங்கள். பொத்தானை அழுத்தும் வரை டிஸ்க்கில் எதுவும் மாறியிருக்காது.

நிறுவி முடித்து முதல் முறை எழும்போது கிரப் மெனுவில் விண்டோஸ் தெரியாமல் போகலாம். பயப்படாதீர்கள், அழிந்துவிடவில்லை. 2021-இல் வந்த கிரப் 2.06-லிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி மெனுவைப் புதுப்பித்தால் வந்துவிடும். அதுவரை கணினியின் பூட் மெனுவிலிருந்தே விண்டோஸுக்குள் போகலாம். போய், அது ஒழுங்காக எழுகிறதா என்று பார்த்துவிட்டு, பிட்லாக்கரை அணைத்திருந்தால் மறுபடி இயக்குங்கள். புதிதாகத் தரும் மீட்பு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், பழைய எண் இனி செல்லாது.